உங்கள் வீடு மாதிரி

காற்று வாங்க வந்தவர்கள் காற்றை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருந்தால் எனக்கு அவர்கள் மேல் ஒரு வருத்தமும் இல்லை. காற்றுக்கு யார் பட்டா வைத்திருக்கிறார்கள்? எங்கள் துருத்துக்கு வந்தவர்கள் அதோடு நிற்கவில்லை.

துருத்து என்றால் தீவு. மலையாளத்தார் சொல்வது, நாங்களும் அப்படியே சொன்னோம். திருவனந்தபுரத்தில் வள்ளக்கடவில் காலையில் வள்ளம் ஏறினால் உச்சிக்கு முன் வந்து இறங்கலாம். ஒரு பக்கம் காயல், மறுபக்கம் கடல், நடுவில் மணலும் தென்னையும். அந்தத் தோப்புகளை நம்பி நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. என் அப்பா குற்றாலலிங்கம் கொப்பரைக் களம் வைத்திருந்தார். பக்கத்து வீடு பொன்னம்மை அத்தையுடையது. உறவு ஒன்றும் கிடையாது, கூப்பிட்டுப் பழகியதுதான்.

அத்தையின் புருஷன் திரவியம் தோப்புக் கணக்குப் பார்த்தவர். துருத்தில் எல்லாரும் ஓலைக் குடிலில் இருந்தபோது அவர் வெட்டுக்கல்லை வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுவந்து, ஓடு போட்டு ஒரு வீடு கட்டினார். நடுவில் பெரிய அறை, அதற்குக் கடலைப் பார்த்த ஜன்னல். அந்த அறையிலேயே காய்ச்சலில் படுத்து, எழுந்திருக்காமல் போய்விட்டார். அத்தைக்கு மிஞ்சியது சரோஜம் என்ற பெண்ணும் அந்த வீடும். "அவரு போன அறையிலருந்துதான் என்னையும் எடுக்கணும்" என்று என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள். வேறு ஆசை அவளுக்கு இருந்ததாக நான் அறியேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஒரு கோடையில், கோர்ட் அடைத்த சமயம், வலியசாலை வக்கீல் பஞ்சாபகேசன் மனைவியோடு வந்து இறங்கினார். மனைவி லலிதாம்பாளுக்கு இழுப்பு. கடல்காற்றுப் பட்டால் தேவலை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓட்டு வீடாகவும் சைவச் சமையல்கட்டாகவும் அங்கே இருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றதைப் பார்த்ததும் அத்தைக்கு மனசு இளகிப் போயிற்று. வீட்டைக் கழுவிவிட்டு, சரோஜத்தைக் கூட்டிக்கொண்டு, தானே பின்னால் இருந்த தொண்டுக் கொட்டகைக்குப் போய்விட்டாள். தேங்காய் மட்டை போட்டு வைக்கிற இடம் அது.

"ஒங்க வீடு மாதிரி நெனச்சு இருங்கம்மா" என்றாள். யாரும் சொல்கிற உபசார வார்த்தைதான். வக்கீல்மார் காதில் எந்த வார்த்தையும் சும்மா விழுவதில்லை என்று அவளுக்குத் தெரியாது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அவர்கள் கோர்ட் திறக்கும்வரை இருந்தார்கள். லலிதாம்பாளுக்கு இழுப்பு நின்று கன்னத்தில் சதை பிடித்தது. புறப்படும்போது வக்கீல் வாடகை நீட்டினார். அத்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "விருந்து வந்தவங்ககிட்ட வாடகையா? எங்க ஊரில அப்பிடி வழக்கம் கெடையாது." அந்த வீம்புதான் அவளைக் கெடுத்தது. இன்றைக்கும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வாங்கித் தொலைத்திருந்தால் அவர்கள் வாடகைக்குக் குடியிருந்தவர்கள் என்றாவது ஆகியிருக்கும்.

வாடகைக்குப் பதில் அவர் புடவை எடுத்துக் கொடுத்தார். மறு கோடையில் உடைந்த ஓடுகளை மாற்றினார். அதற்கடுத்த கோடையில் தரைக்கு சிமெண்டு போட்டார். கட்டில் வந்தது, அலமாரி வந்தது. பிறகு ஒருநாள், "சாமானெல்லாம் இருக்கு பாரு, கதவைப் பூட்டிண்டு போறேன். நீ வாசலை மாத்திரம் பெருக்கி வை" என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வள்ளம் ஏறினார். அந்த இடவப்பாதி மழைக்காலம் முழுக்க அத்தை கொட்டகையிலேயே இருந்தாள்.

"என்ன பொன்னம்மை இது?" என்று என் அம்மா கேட்டதற்கு, "பாவம், கட்டிலு நனைஞ்சிரும்லா" என்றாள்.

சரோஜத்தைத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடைக்காரருக்குக் கொடுத்திருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். வந்தது மேடமாசம், சித்திரைக் கோடை; வக்கீல் குடும்பம் உள்ளே இருந்தது. அத்தை தயங்கித் தயங்கி, நடு அறையை மட்டும் ஒழித்துத் தரமுடியுமா என்று கேட்டாள்.

லலிதாம்பாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஐயையோ பொன்னம்மை, பிரசவத் தீட்டோன்னோ! இவர் தினமும் பூஜை பண்ற எடம். நீயே சொல்லு, நன்னாவா இருக்கும்?"

அத்தை என்னத்தைச் சொல்வாள்? சரோஜத்தின் பிள்ளை கொட்டகையில், மட்டை வாசத்தில் பிறந்தது. அவள் தாய்வீட்டுக்கு வந்துதான் பெற்றாள் என்று புகுந்த வீட்டுக்குச் சொல்லவேண்டாமா? அதற்காகவே அத்தை கொட்டகையை 'வீடு' என்று சொல்ல ஆரம்பித்தாள். வீடு என்று அதைச் சொன்னால் மற்றதை என்னவென்று சொல்வது? 'பங்களா' என்றாள். நாங்களும் சொன்னோம். வள்ளக்காரர்களும் சொன்னார்கள். கொஞ்ச நாளில் அது வேறு மாதிரி இருந்தது என்பதே மறந்துபோயிற்று.

முப்பதுகளில் ஒரு கோடையில் சர்வே வந்தது. துருத்து முழுக்கப் புறம்போக்கு, யாருக்கும் பட்டா கிடையாது. எந்த வீட்டில் யார் இருக்கிறாரோ அவர் பேரில் பதிந்து கொடுக்கச் சர்க்கார் உத்தரவு. சங்கிலி பிடித்துக்கொண்டு உத்தியோகஸ்தர் வந்தபோது வக்கீல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அத்தை முற்றத்தில் நின்றாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம்.

"நிங்ஙள்டெ வீடு ஏதா?" என்று உத்தியோகஸ்தர் அவளைக் கேட்டார்.

அத்தை சட்டென்று கொட்டகையைக் காட்டினாள். "இதாக்கும் எங்க வீடு."

"அப்போ அதோ?"

"அது வக்கீலய்யா பங்களா."

அவ்வளவுதான். எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்கள். பஞ்சாபகேசன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதை அவருக்காக நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன். கோர்ட்டில் நாள் முழுக்கப் பேசுகிற மனுஷர், அந்த ஒரு நிமிஷம் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் என் அப்பா போய் விளக்கிச் சொன்னபிறகுதான் அத்தைக்கு விஷயமே புரிந்தது. முதலில் சிரித்தாள். "போங்கண்ணாச்சி, ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா மாத்திருவாரு." போய்ச் சொன்னாள். அப்பாவும் கூட நின்றார்.

வக்கீலுக்குக் கோபமே வரவில்லை. "நானா சொன்னேன்? நீதானே சொன்னே. சர்க்கார்லே பதிஞ்சாச்சு, இனிமே மாத்தறது லேசான காரியமில்லே. ஓடு மாத்தினது யாரு, தரை போட்டது யாரு, யோசிச்சுப் பாரு. உன்னை யாரு போகச் சொன்னா? நீ பாட்டுக்கு அங்கேயே இரு."

அத்தை லலிதாம்பாளைப் பார்த்தாள். அந்த அம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். தான் மூச்சுத் திணறிய ராத்திரிகளில் முதுகு தடவிவிட்ட கை யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து நீட்டினாள். இருக்க இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்று பழமொழி சொன்னவனுக்கு, பிடுங்கிவிட்டு மோரும் கொடுப்பார்கள் என்று தோன்றவில்லை.

அப்பா வேறு வக்கீலைப் பார்த்தார். பட்டணத்து வக்கீல் யாரும் இன்னொரு வக்கீல் மேல் பிராது எழுத முன்வரவில்லை. அதற்குள் துருத்தே மாறிவிட்டது. பஞ்சாபகேசனின் சிநேகிதர்கள் ஒவ்வொருவராக வந்து பங்களா கட்டினார்கள். கோடையில் கடற்கரை முழுக்கக் குடையும் நாற்காலியும் கிராமபோன் பாட்டும். எங்கள் கொப்பரைக் களத்திலிருந்து நாற்றம் வருகிறதென்று முகத்தைச் சுளித்தார்கள். அத்தையின் கொட்டகை அடுப்பிலிருந்து புகை வந்து லலிதாம்பாளுக்கு இழுப்பைக் கிளப்புகிறது என்று டாக்டர் சொன்னாராம். கொட்டகை நின்ற மண்ணும் பங்களாக் கணக்கில்தான் பதிந்திருந்தது, அதைப் பிரித்தார்கள். அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடு சாலைக்கு, மருமகன் வீட்டுக்குப் போனாள். நாங்களும் களத்தை விற்றுவிட்டு வள்ளக்கடவுக்கு வந்து சேர்ந்தோம்.

யுத்த காலத்தில் ஒரு தை அமாவாசைக்கு அத்தை என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். புருஷனின் சாம்பலைக் கரைத்த கடலில் ஒரு முழுக்குப் போடவேண்டும் என்றாள். நடை தளர்ந்திருந்தது. வள்ளக்காரன் புதியவன். "துருத்து காணான் போகுகயாணோ?" என்று கேட்டான். துருத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் என்று நினைத்துவிட்டான். "ஆமா, பாக்கத்தான் போறோம்" என்றாள் அத்தை.

முழுகிவிட்டு ஈரப்புடவையோடு திரும்பும்போது, போகவேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்காமல், பங்களா வேலியண்டை போய் நின்றாள். நடு அறை ஜன்னல் திறந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லலிதாம்பாள் வெளியே வந்தாள். வக்கீல் காலமாகி, அவள் வருஷம் முழுக்க அங்கேயே இருந்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, அடையாளம் தெரிந்ததும் முகம் மலர்ந்தது. அதில் கள்ளம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"யாரு, பொன்னம்மையா! ஏன் வெளியிலேயே நிக்கறே? நனைஞ்சுபோயிருக்கே, உள்ளே வந்து புடவையை மாத்திக்கோ. வெக்கப்படாதே, உன் வீடு மாதிரி நெனச்சுக்கோ."

அத்தை வேலியிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்பிடித்தானம்மா இத்தன காலமும் நெனச்சிட்டிருந்தேன்" என்றாள்.

உள்ளே போகவில்லை. அந்த வருஷம் இடவ மாசத்தில் சாலைக் கடையின் பின்கட்டில், வெல்ல மூட்டைகளுக்குப் பக்கத்தில் செத்துப்போனாள். அங்கிருந்துதான் எடுத்தோம்.