டிஜோ வீட்டுப் பச்சை நட்சத்திரம்

எங்கள் வண்டன்மேட்டில் ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைக் கழற்றிவிடுவோம். பக்கத்து வீட்டு டிஜோ கழற்றவில்லை. பிப்ரவரியிலும் அது வாசலில் தொங்கியது. "ஒங்க வீட்ல இன்னும் பாலன் பொறக்கலயாப்பா?" என்று கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

டிஜோ ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களில் மோட்டாரும் ஒயரிங்கும் பார்ப்பவன். மனைவி செல்வப்பிரியா போன ஆகஸ்டில் முதியோர் இல்ல வேலைக்காக அயர்லாந்து போனாள். எட்டு வயது மகள் சோனா அம்மாவின் சுடிதாரைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினாள். டிஜோவுக்கும் மனைவி இல்லாத வீடு பிடிக்கவில்லை. அதை யாரிடம் சொல்வது? டிசம்பரில் ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினான், ராஸ்பெரி பை என்று பெயர். அறுபது எல்.இ.டி. விளக்கு கோத்த பட்டையை அதோடு இணைத்து நட்சத்திரத்துக்குள் ஒட்டினான். எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்பதை அந்தக் கம்ப்யூட்டர் சொல்லும். செல்வப்பிரியா அங்கே போனில் ஒரு நிறத்தைத் தொட்டால் இங்கே எரியும். நமக்கு இரவு ஏழு மணி, அவளுக்கு மதியச் சாப்பாட்டு நேரம்.

முதல் நாள் அவள் தனக்குப் பிடித்த சிவப்பைத் தொட்டாள். எரிந்தது பச்சை! நிற வரிசையில் முதலில் வருவதை அந்தப் பட்டை பச்சை என்றே எடுத்துக்கொள்ளுமாம். இவன் சிவப்பை முதலில் எழுதிவிட்டான். போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். "மாத்தாதீங்க. பச்சை எரிஞ்சா நான்தான்னு தெரியட்டும்."

ஜனவரியில் அவளுக்கு டூட்டி மாறியது. அந்த நேரத்தில் போனைத் தொடக் கூடாது. சோனா இருட்டு நட்சத்திரத்தைப் பார்த்தபடியே வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மூன்றாம் நாள் டிஜோவுக்குப் பொறுக்கவில்லை. ஏழு மணிக்குத் தானாக எரியும்படி தனி நிரல் எழுதினான். தொழில்காரன் புத்தி, இந்த முறை வரிசையைச் சரியாகப் போட்டான். நல்ல சிவப்பு. "பாரு, அம்மா போட்டுட்டா" என்றான். சோனா தலையாட்டினாள்.

பிப்ரவரியில் ஒருநாள் மோட்டார் விஷயமாக அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஏழு மணி, சிவப்பு எரிந்தது. சோனா புத்தகத்திலிருந்து நிமிரவே இல்லை.

"அம்மா போட்டிருக்கா பாரு, பாப்பா" என்றேன்.

"அது அப்பா, மாமா. அம்மா போட்டா பச்சைதான் வரும்." குரலைத் தாழ்த்தினாள். "அப்பாட்ட சொல்லிராதீங்க. பாவம்."

எனக்கு டீ கொண்டுவந்த டிஜோ அவள் பின்னால்தான் நின்றிருந்தான். தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான். சிவப்பு அணைந்தது. நிரலை அழித்துவிட்டு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு தினமும் ஏழு மணிக்கு இரண்டு பேரும் அப்படித்தான் உட்கார்ந்தார்கள். நட்சத்திரம் எரியவில்லை.

அடுத்த ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து எல்லோரும் சேர்ந்து திரும்பினோம். மணி பதினொன்று, அயர்லாந்தில் இன்னும் விடியவே இல்லை. பகலில் எரிந்து யாருக்குத் தெரியப்போகிறது என்று அதுவரை விட்டிருந்த செல்வப்பிரியா, அன்று டூட்டிக்குக் கிளம்பும் முன் மனசு கேட்காமல் தொட்டிருக்கிறாள்.

அந்த வெயிலில் நட்சத்திரத்தில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. சோனா கத்திய கத்தல்தான் கேட்டது.

"அப்பா, பச்சை!"