உருமா கட்டிய நாள்

காலை ஏழு மணி பத்து நிமிடம். கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது பக்கத்து வீட்டம்மாளின் கையிலிருந்த பனி அள்ளும் மண்வெட்டி. "உங்கள் கணவர் எங்கள் வாசலையும் சுத்தம் செய்துவிட்டார், நன்றி சொல்லுங்கள்" என்றார் ஆங்கிலத்தில். 'கணவர்' என்ற சொல்லைக் கேட்டால் இப்போதும் திரும்பிப் பார்க்கிறேன், பின்னால் எங்கள் ஊர் வாடிப்பட்டிக்காரர் யாராவது நிற்கிறார்களா என்று. டொராண்டோவில் நானும் டேனியலும் சட்டப்படி மணமானவர்கள். "ஊரில் அவரை உங்கள் வீட்டாருக்குப் பிடித்ததா?" என்று கேட்டார். "சாப்பாடு நன்றாகப் போட்டார்கள்" என்றேன். பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

போன மாதம் அப்பாவின் கருமாதிக்குப் போயிருந்தோம். எங்கள் பக்கம் அன்று மகனுக்கு உருமா கட்டுவார்கள். கல்யாணமானவன் என்றால் மாமனார் வீட்டுத் துண்டு தலையில் ஏறும். ஆகாதவனுக்குத் தாய்மாமன் துண்டு. மற்றவர்கள் கொண்டுவருவது தோளோடு சரி. நான் சொல்லக் கேட்டிருந்த டேனியல், மதுரைக் காளவாசலில் ஒரு வெள்ளைத் துண்டு வாங்கி வைத்திருந்தார்.

கருமாதிக்கு முந்தைய நாள் மாலை தாய்மாமாவிடம் கேட்டேன்: "மாமா, டேனியல் கட்டட்டுமே. எனக்கு மாமனார் வீடுன்னா அவருதான்."

"சேந்து இருந்தா குத்தமில்லைன்னு கோர்ட்டு சொல்லிருச்சு, சரி. கல்யாணம்னு ஒத்துக்கிருச்சா?"

"இல்ல மாமா."

"கோர்ட்டே ஒத்துக்காததை எங்கிட்ட கேட்டா எப்படி மாப்ள? நீ பிளேன் ஏறிருவ. உங்கம்மா இந்த ஊர்லதான இருக்கணும்."

செய்தியாக அது சரிதான். 2018இல் குற்றமில்லை என்ற உச்ச நீதிமன்றம், 2023இல் திருமண அங்கீகாரத்தை நாடாளுமன்றத்திடம் விட்டுவிட்டது. அப்பாவுக்கு எங்களைப் பற்றிக் கடைசிவரை தெரியாது. அன்றும் அவருக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோலக் குரலைத் தாழ்த்தியே பேசினோம்.

மறுநாள் கண்மாய்க்கரையில் சபை கூடியது. "என்னண்ணே, வெள்ளைக்காரரு துண்டோட நிக்கிறாரு? சம்பந்தகாரரா?" என்று ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை.

"மாப்ளயோட கூட்டாளிப்பா. அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்துருக்காரு, சும்மா இரு."

தமிழ் புரியாத டேனியல் முன்னால் வந்து, இரண்டு கைகளாலும் துண்டை என் தலைக்கு உயர்த்தினார். மாமா அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார், காயம்பட்ட கையைப் பிடிப்பதுபோல மெதுவாக. பிறகு என் தோள்வரை கீழே இறக்கினார்.

போட்டோக்காரர் எல்லோரையும் நிமிர்ந்து பார்க்கச் சொன்னார். மாமாவின் துண்டு என் தலையில் இருந்தது. டேனியலின் துண்டு தோளில் இருந்தது.