கொழும்பில் விழுந்த பேர்

ஐரோப்பாவில் யுத்தம் தொடங்குவதற்கு முந்தின கிறிஸ்துமஸ் சமயம். பாளையங்கோட்டையில், என் கணவர் வீட்டார் போகும் கோவிலில் நடந்தது இது.

கணவருக்குக் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. கல்யாணமான புதிதில், "சும்மா பார்க்க வந்தேன், மூன்று மாதத்தில் திரும்பிவிடுவேன்" என்று துறைமுகத்தில் சொல்லித்தான் இறங்கினேன். மூன்று மாதம் நான்கு வருஷமாயிற்று. யாரும் எங்களைப் போகச் சொல்லவுமில்லை, இருக்கச் சொல்லவுமில்லை. ஊருக்குப் போகிறவர்களுக்கு எதற்கு என்று அங்குள்ள சபையில் சேரவில்லை. ஓர் ஆட்டுக்கல்கூட வாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, பாளையங்கோட்டைக்கு அடுத்த முஸ்லிம் ஊரான மேலப்பாளையத்துக்காரி; அவள் கல்லில்தான் மாவாட்டுவேன்.

அங்கேயே பையன் பிறந்தான். ஞானஸ்நானமும் பேரும் பாளையங்கோட்டையில்தான் என்று மாமனார் சொல்லிவிட்டார். அதுவரை "தம்பி" என்று கூப்பிட்டோம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று அவனுக்கு மூன்று வயதாகிவிட்டது. அவனுக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம், ஞானஸ்நானம் ஆகாமலே ஏதாவது ஆகிவிடுமோ என்று நடுங்குவேன்.

மேலப்பாளையத்துக்காரிக்குப் பொறுக்கவில்லை.

"ஏளா, நாளைக்கு ஊருக்குப் போறவ நாலு வருசமா எங்கல்லுல மாவாட்டுதே. பிள்ளைக்குப் பேரும் கப்பலேறித்தான் வரணுமோ? எனக்கு இவன் யூசுப்புதான். பாக்க எங்க யூசுப்பு நபி கணக்கா அம்புட்டு அழகா இருக்காம்லா!"

கணவருக்கு லீவு கிடைக்காததால் ஊர்க்காரர்கள் துணையோடு நானும் பிள்ளையும் மட்டும் வந்தோம். ரயிலிறங்கி மாட்டுவண்டியில் ஆற்றுப் பாலம் ஏறியதும், ஈர மணல் வாசனை வந்தது. கொழும்பில் எத்தனையோ நாள் அந்த வாசனையை நினைத்துத் தூங்கியிருக்கிறேன். வண்டியை நிறுத்தி அழவேண்டும்போல் இருந்தது. பண்டிகை முடிந்ததும் திரும்பவும் கப்பல். இந்தமுறை ஞானஸ்நானம் தவறினால் மறுபடி எப்போதோ?

ஞானஸ்நானத் தொட்டியருகே குருவானவர் பெயரைக் கேட்டார். மாமனார் தம் தகப்பனார் பெயரைச் சொல்ல வாயெடுப்பதற்குள், பையன் உரக்கச் சொன்னான்.

"யூசுப்பு!"

பின்னாலிருந்து ஒரு குரல். "அண்ணாச்சி, பேரன் மேலப்பாளையத்துக்குல்லா போயிட்டான்!"

கோவிலே சிரித்தது. மாமனார் முகம் கறுத்துவிட்டது. பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாரோ என்று பயந்தேன். "இல்லை, அது விளையாட்டுக்கு..." என்று உளறினேன்.

குருவானவர் மட்டும் பையனைப் பார்த்துக் குனிந்தார். "யூசுப்புன்னா நம்ம வேதத்து யோசேப்புதான்; அவனைத்தான் சொல்லுதான். அவனும் எகிப்துன்னு வெளிதேசத்துல போயி இருந்தவன்தானே? நீங்க என்ன சொல்லுதிய?"

மாமனார் பையனைப் பார்த்தார். பிறகு, "பிள்ளை வாயால வந்துட்டு. இருக்கட்டும், ஐயா. எங்கப்பா பேரையும் பின்னால சேத்துக்கிடுங்க" என்றார்.

தலையில் தண்ணீர் விழுந்ததும் பையன் வீறிட்டு அழுதான். நானும்தான்.

இன்னும் நாங்கள் கொழும்பில் விருந்தாளிகள்தான். அடுத்துப் பிறந்தவளுக்கு மட்டும், ஊருக்கென்று காத்திராமல், அங்கேயே ஞானஸ்நானம் கொடுத்தோம். மாமனாரைக் கேட்காமல் செய்தது சரியா என்று இப்போதும் சில நாள் யோசிப்பேன். ஆனால் ஊரை நினைத்தே நான் பிள்ளையைப் பேரில்லாமல் வைத்திருந்த நாட்களில், மடியில் போட்டு அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவள் ஒருத்தி இருந்தாள். யார் அவனை யோசேப்பு என்று கூப்பிட்டாலும் எனக்கு முதலில் கேட்பது அவள் குரல்தான்.