வரிசையில் நிற்காத வம்சம்

எங்கள் வீட்டு ஆண்கள் வரிசையில் நிற்க மாட்டார்கள். கல்யாணமான புதிதில் மின்கட்டணம் கட்டிவிட்டு வரச் சொல்லி என் கணவரிடம் அட்டையை நீட்டினேன். அவர் அதை அப்படியே வாங்கித் தன் அம்மாவிடம் கொடுத்தார். அத்தை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"என்னங்க இது?" என்றேன்.

"எங்க வம்சத்துல இன்னொருத்தன் முதுகைப் பாத்துக்கிட்டு நிக்கிற வழக்கம் இல்ல."

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

வம்சம் என்றால் ராஜ வம்சம். மாமனாருக்கு அவருடைய அப்பா சொன்னது, அவருக்கு அவருடைய அப்பா சொன்னது. எந்த ராஜா, எப்போது பட்டம் போனது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அரண்மனை போயிற்று, யானை குதிரையெல்லாம் போயிற்று, வரிசையில் நிற்கக் கூடாது என்கிற இந்த ஒன்று மட்டும் கை மாறிக் கை மாறி எங்கள் இரண்டு அறை வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. மாமா கருகிப்போன மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றுகிறவர். கடைத்தெருவில் அவருக்குப் பெயர் சமஸ்தானம். "சமஸ்தானம், என் பம்பு ரெடியா?" என்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். அது கிண்டல் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை என்று நினைக்கிறேன்.

மாமா கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். குடிக்க மாட்டார், குரலை உயர்த்த மாட்டார், செப்புக் கம்பியில் ஒரு சாண்கூட யாரையும் ஏமாற்றியதில்லை. கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ நன்றாகக் கேட்டிருப்பேன். நல்ல மனுஷரிடம் சண்டை போடுவதுதான் பெரும்பாடு.

அதனால் அத்தை நின்றார். தண்ணீருக்கு நின்றார், மண்ணெண்ணெய்க்கு நின்றார், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நின்றார். மாமா பல் பிடுங்கிக்கொள்ளப் போனபோதுகூட அத்தைதான் நின்றார். முறை வந்ததும் ஓடிப்போய், வாசல் மரத்தடியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைக் கூட்டி வந்தார். வேலைக்குப் போன இடத்திலும் நிற்பதுதான் பாடு. தையல் கம்பெனியில் சட்டைகளுக்குப் பிசிறு வெட்டும் வேலை. அங்கே பெண்களுக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் கை மந்தமாகிவிடுமாம். சொன்ன மேனேஜர் சுழல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னான்.

வரிசையில் அத்தையை அடித்துக்கொள்ள ஆளில்லை. பாரத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுவது வெளியே தெரியாது. பின்னால் இருப்பவளிடம் இரண்டு வார்த்தை பேசி வைத்துக்கொண்டால் கொஞ்ச நேரம் எங்கேயாவது போய்விட்டு வந்தாலும் இடம் போகாது. யாராவது நடுவில் புகுந்தால் கத்த மாட்டார். அரையடி பக்கவாட்டில் நகர்வார், புகுந்தவன் தானாகவே வெளியே நிற்பான்.

என் கணவர் மோட்டார் கடையைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்ததும் மாமாவுக்குக் கை சும்மாவானது. வம்சத்தை ஆராய்ச்சி செய்யக் கிளம்பிவிட்டார். பழைய ஆவணங்கள் வைத்திருக்கும் அலுவலகத்தில் ஒரு நாளைக்குச் சில பேரைத்தான் உள்ளே விடுவார்கள், வாசலில் சீட்டு வாங்க வேண்டும். யார் வாங்குவது? விடிந்ததும் அத்தை போய் நிற்பார். கதவு திறக்கிற நேரத்துக்கு மாமா தேய்த்த சட்டையில் வந்து இறங்குவார். சீட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு அத்தை அங்கிருந்தே கம்பெனிக்கு ஓடுவார். வரிசையில் நிற்கத் தேவையில்லாத குடும்பம் என்று நிரூபிக்க நாள்தோறும் வரிசையில் நின்ற ஒரே மனுஷி உலகத்திலேயே என் மாமியாராகத்தான் இருப்பார். இதை ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன்.

"சாப்பாடு ஆறுது, சாப்பிடு," என்றார் அத்தை.

வருஷங்கள் போயின. யார் யாரோ ராஜாக்கள் அகப்பட்டார்கள், எங்களுக்கு வேண்டியவர் மட்டும் அகப்படவில்லை. மாமா எழுதி எடுத்து வந்த காகிதங்கள் ஒரு துணிப்பை நிறையச் சேர்ந்தன. அதற்குள் அத்தையின் முட்டி தேய்ந்துவிட்டது. நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சீட்டு போடும் வேலையில் இருக்கிறேன். அங்கே வரும் டாக்டரிடம் காட்டலாம் என்று பின்வாசல் வழியாகக் கூப்பிட்டேன். "மத்தவங்க நிக்கிறாங்கல்ல?" என்று அத்தை அங்கேயும் வரிசையில் போய் நின்றார். இனி நிற்கவே கூடாது என்றார் டாக்டர்.

அன்று மாலை என் கணவர் சொன்னார். "அம்மாவுக்கு முடியல. இனிமே நீ பாத்துக்கோ."

ஏதோ பீரோ சாவியைக் கொடுப்பதுபோலச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அத்தையின் முட்டி எனக்குச் சொத்தாக வருகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. பயமாகவும் இருந்தது. அன்றிலிருந்து மாமாவைவிட எனக்கு அந்த ஆராய்ச்சியில் அதிக அக்கறை வந்துவிட்டது. அது பொய் என்று தெரிந்துவிட வேண்டும், எனக்கு அது போதும்.

அந்த நேரத்தில்தான் மோட்டார் கொண்டுவந்த ஒரு வெளியூர்க்காரர் சொன்னார். "எங்க ஊர்லயும் உங்கள மாதிரி ஒருத்தர் இருக்காருங்க. மெத்தைக் கடைக்காரர். பேங்க்ல வரிசையில நிக்க மாட்டேன்னு ஒரே ரகளை. கேட்டா வம்சம்ங்கிறாரு."

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. பிரிந்துபோன பங்காளியாகத்தான் இருக்க வேண்டும். நான் லீவு போட்டேன். மாமா, அத்தை, நான், துணிப்பை எல்லோரும் கிளம்பினோம். டிக்கெட்டுக்கு நான்தான் நின்றேன், வாயில் வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு.

பங்காளியேதான். முப்பாட்டன் காலத்தில் பிரிந்த கிளை. ஒரே மாதிரி மூக்கே சொன்னது. பஞ்சு பறக்கும் கடைக்குப் பின்னால் வீடு. அவர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்தார். அத்தை அந்த அம்மாளின் நடையைப் பார்த்தார், அந்த அம்மாள் அத்தை உட்கார்ந்த விதத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு எந்தக் காலு?" என்றார் அந்த அம்மாள்.

"ரெண்டும்," என்றார் அத்தை.

அந்த அம்மாளும் அத்தைக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

மாமா பையைத் திறந்து காகிதங்களைப் பரப்பினார். பங்காளி பாதி கேட்பதற்குள் சிரித்துவிட்டார். "ராஜாவா? யாரு சொன்னா? நம்ம முப்பாட்டன் அரண்மனை வாசல்ல இருந்தவரு. மனு குடுக்க வர்ற சனங்களைக் கோலை வச்சு வரிசையா நிறுத்துற வேலை. நிறுத்துறவன் எப்படி வரிசையில நிப்பான்? அப்புறம் அவனை யாரு மதிப்பா?" சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிர்ந்தது. அவருக்கு அதுவே பெரிய பெருமை.

மாமாவின் குரல் இறங்கிவிட்டது. "அதுக்கு ஆதாரம் ஏதாச்சும்..."

"ஆதாரம் எதுக்கு? எங்க அப்பா சொன்னாரு."

மாமாவிடமும் கடைசிக் கணக்கில் அது ஒன்றுதானே இருந்தது. காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

பஸ் நிலையத்துக்கு வந்தோம். முன்கூட்டியே டிக்கெட் வாங்க வேண்டிய பஸ், ஜன்னலில் நீளமான வரிசை. நானும் அத்தையும் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். மாமா பையைக் கீழே வைத்துவிட்டு வழக்கம்போலக் கொஞ்சம் தள்ளி நின்று வானத்தைப் பார்த்தார். இந்தத் தடவை எழுந்திருக்கப் போவதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். வாயும் சும்மா இருக்கவில்லை.

"பாத்தீங்களா அத்தை? ராஜாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதுக்குப் போய் இத்தனை வருஷம் நின்னிருக்கீங்க."

அத்தை முட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "ராஜாவா இருந்திருந்தா?"

எனக்குப் புரியவில்லை.

"ராஜாவாவே இருந்திருந்தா நான் நின்னது சரின்னு ஆயிடுமா? யாரு வம்சமா இருந்தா என்ன, வலிக்கிறது என் காலு." குரலில் கோபமே இல்லை, அலுப்புதான் இருந்தது. பிறகு மாமாவைப் பார்த்துச் சொன்னார். "எனக்கு முடியலைங்க. நீங்க போய் வாங்கிட்டு வாங்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் பஸ் நேர அட்டவணையைப் படித்தேன். மாமா வரிசைக்குப் போனார்.

அவருக்கு நிற்கத் தெரியவில்லை. முன்னால் இருப்பவருக்கும் தனக்கும் நடுவில் இன்னொரு ஆள் நிற்கிற இடம் விட்டு, முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். வருகிறவர்களுக்கு அவர் வரிசையில் இருப்பதே தெரியவில்லை. கூடை வைத்திருந்த ஒரு பெண் அந்த இடத்தில் நுழைந்தாள். பிறகு இரண்டு கல்லூரிப் பையன்கள். ஒவ்வொரு தடவையும் மாமா மரியாதையாகப் பின்னால் நகர்ந்தார். எங்கள் பஸ் வந்து, நின்று, கிளம்பியும் போய்விட்டது.

அத்தையின் கை பெஞ்சில் ஊன்றியது. பழக்கம், எழுந்துவிடுவார் என்று நினைத்தேன்.

"முன்னாடி ஆளை ஒட்டி நிக்கணும். அதுகூடத் தெரியல," என்றார்.

"போய்ச் சொல்லட்டுமா?"

"வேணாம். தானா தெரிஞ்சுக்கட்டும்."

ஊன்றிய கையை எடுத்துக்கொண்டார். காலை மெதுவாகத் தூக்கி, கீழே இருந்த துணிப்பையின் மேல் வைத்து நீட்டினார். காகிதங்கள் நொறுங்கும் சத்தம் கேட்டது. தற்செயலாக வைத்தாரா, தெரிந்து வைத்தாரா என்று நான் கேட்கவில்லை.

யாரோ மாமாவிடம், "பெரியவரே, லைன்ல இருக்கீங்களா இல்லையா?" என்று அதட்டினார்கள். மாமா தலையாட்டினார். முகத்தைத் திருப்பினார். ஓரடி முன்னால் வைத்து, வியர்வையில் நனைந்திருந்த ஒரு முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்பதான் சரியா நிக்கிறாரு," என்று சொல்லி அத்தை கண்ணை மூடிக்கொண்டார்.