கொதித்தாறிய தண்ணீர்

கொதித்தாறிய தண்ணீரைத் தவிர வேறொன்றையும் அப்பா நம்பமாட்டார். வென்ட்வேர்த்வில் வீட்டில் நல்ல குழாய்த் தண்ணீரையே காய்ச்சித்தான் குடித்தோம். புளூ மவுண்டன்ஸ் மலைக்காட்டில் மூன்று நாள் நடப்பதென்று முடிவானபோது, தண்ணீரில் போடும் கிருமிநாசினிக் குளிசைகளை அம்மா வாங்கிவந்து வைத்தார். “குளிசை என்னத்துக்கு? காஸ் அடுப்புக் கொண்டுபோறம்தானே, காய்ச்சினால் சரி,” என்று அப்பா அவற்றைக் குசினியிலேயே விட்டுவிட்டார்.

அம்மாவுக்கு வேலை. நானும் தம்பியும் அப்பாவோடு போனோம். ஐயோ, என்ன வெயில்! கால் கொப்புளித்துவிட்டது, தண்ணீர்ப் போத்தல்களின் பாரத்தில் பை தோளை அறுத்தது. பாரம் குறையட்டும் என்று நாங்கள் இருவரும் குடித்துக் குடித்தே போத்தல்களைக் காலி செய்தோம்.

இரண்டாம் நாள் மலையுச்சியில் சிக்னல் கிடைத்தபோது அப்பாவின் போனுக்குச் செய்தி வந்தது. காட்டுத்தீ அபாயமாம். நாளை இரவுவரை காஸ் அடுப்புக்கூட மூட்டக்கூடாதாம்.

பின்னேரம், இழுபட்டு இழுபட்டுக் கூடாரம் அடிக்கும் இடத்துக்கு வந்தால், அங்கிருந்த மழைநீர்த் தாங்கி வறண்டு கிடந்தது. கையில் கொதித்தாறிய தண்ணீர் ஒரேயொரு போத்தல் மிச்சம். பக்கத்தில் ஆறு ஓடியது. மேலே மாட்டுப் பண்ணைகள் இருப்பதால் காய்ச்சாமல் குடிக்கவேண்டாம் என்று பலகையில் எழுதியிருந்தது.

அப்பா பலகையை வாசித்தார். பிறகு போத்தலை என்னிடம் நீட்டினார்.

“இது உங்கள் ரெண்டு பேருக்கும்தான். நாளைக்கு மத்தியானம் நடை முடியிற இடத்துக் குழாயடிக்குப் போகுமட்டும் காணவேணும்.”

தான் மட்டும் ஆற்றில் இறங்கி, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களுக்குப் பிளாஸ்டிக் மணக்கும், வெயிலில் சூடான தண்ணீர், அவருக்குக் குளுகுளுவென்று ஒரு ஆறு!

“எனக்கும் அந்தத் தண்ணிதான் வேணும்.”

“பெரியாக்களுக்கு அது ஒண்டும் செய்யாது. நீங்கள் போத்தல் தண்ணியைக் குடியுங்கோ.”

மறுநாள் ஏற்றத்தில் எங்கள் பைகளையும் அவரே சுமந்தார். அதுவும் என் கோபத்தைத் தணிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சில நாளில் அப்பா வயிற்றோட்டத்தில் படுத்துவிட்டார். அம்மா ஏசித் தீர்த்தார்.

“குளிசை வாங்கித் தந்தனான் எல்லோ? ஏன் விட்டிட்டுப் போனனீங்கள்? பிள்ளையளுக்கு ஏதும் வந்திருந்தால்?”

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

இதுதான் சமயமென்று நானும் கோள் மூட்டினேன்.

“அம்மா, ஆத்துத் தண்ணியை அப்பா தனியக் குடிச்சவர். எங்களுக்கு ஒரு சொட்டும் தரேல்லை. போத்தலில மிஞ்சின பழைய தண்ணியைத்தான் தந்தவர்.”

அம்மாவின் ஏச்சு நின்றுவிட்டது. கதிரையைக் கட்டிலோடு இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அப்பாவின் காலைப் பிடித்துவிடத் தொடங்கினார். இன்னும் நாலு ஏச்சு விழுமென்று கதவடியில் காத்து நின்ற எனக்குப் பெரிய ஏமாற்றமாகப் போய்விட்டது.