குன்னத்துகாலில் பாடாமல் நின்ற ஒரு வரி

போன ஜூன் மாதம், மழை பிடித்த இரண்டாவது வாரத்தில், நாகர்கோவிலிலிருந்து கேரள எல்லைக்கு அப்பால் இருக்கும் குன்னத்துகால் வரை ஒருநாள் போய்வந்தேன். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செங்கல் என்ற ஊரில் பெரிய சிவன் கோயில் இருக்கிறது. மற்றபடி ரப்பர், மரச்சீனிக் கிழங்கு, மழை. நான் போனது ஒரு கேள்வி கேட்பதற்கு. அதுவும் என் கேள்வி இல்லை, என் மனைவி எஸ்தருடையது. அவள் போன வருஷம் இறந்துபோனாள்.

எஸ்தர் பாட்டுக்காரி. கச்சேரி செய்தாள், வானொலியில் பாடினாள், பெண்கள் கல்லூரியில் முப்பது வருஷத்துக்குமேல் குரல் பயிற்சி கொடுத்தாள். சர்ச்சுகளில் ராகத்தோடு பாடும் பழைய கீர்த்தனைகளை ஊர் ஊராகப் போய்ச் சேகரித்துத் தலையணை மாதிரி ஒரு புத்தகம் எழுதினாள். நான் நெடுஞ்சாலைத் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். ரோட்டை அளக்கத் தெரியும், ராகம் சுத்தமாக ஏறாது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று அவள் என்னைச் சொல்லாத வாரம் இல்லை. ஆனால் முன்னறையில் பேப்பர் படித்தபடியே அவள் மாணவிகளைத் திட்டுவதைக் கேட்டுக் கேட்டு ஒரே ஒரு பாடம் எனக்கும் மனப்பாடம். “பயந்து எடுத்தா சுருதி மேலேதான் போகும். முதல்ல மூச்சை விடு, அப்புறம் எடு.”

இன்னொன்றும் உண்டு. சேர்ந்து பாடுவது என்ற பேச்சே எங்கள் வீட்டில் கூடாது. மாணவிகளைத் தனித்தனியாகத்தான் பாடவைப்பாள். ஆண்டுவிழாவுக்குக் கூட்டுப்பாட்டு சொல்லிக்கொடுக்கச் சொல்லி வந்தவர்களைக் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவாள். ஏன் என்று கேட்டால், “பக்கத்துல நிக்கிறவ எப்ப வாயை மூடுவான்னு யாருக்குத் தெரியும்?” என்பாள்.

அதற்குக் காரணம் ஐம்பதுகளில், எல்லைப் போராட்ட வருஷங்களில் நடந்த ஒரு கதை. தென் திருவிதாங்கூர்த் தமிழர்கள் தங்கள் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கச் சொல்லிப் போராடிய காலம். கடைசியில் விளவங்கோடு இந்தப் பக்கம் வந்தது, நெய்யாற்றின்கரை அந்தப் பக்கமே, கேரளத்தில், நின்றுவிட்டது. எஸ்தர் பிறந்த குன்னத்துகாலும் அந்தப் பக்கம்தான். அவர்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு ஒரு வழக்கம் இருந்ததாம். ஒரு கீர்த்தனையை இரண்டு பிள்ளைகள் பாடவேண்டும். ஒருத்தி தமிழில் ஒரு வரி, மற்றவள் அதையே மலையாளத்தில் அடுத்த வரி, முடிவில் இரண்டும் ஒன்றாக. தமிழுக்கு எஸ்தர், மலையாளத்துக்கு அவள் கூட்டுக்காரி தங்கபாய். இரண்டு பேருக்கும் பதினொரு வயது. எஸ்தரின் அப்பா போராட்டத்தில் இருந்தார், தங்கபாயின் அப்பா எதிர்க்கட்சி.

அந்த வருஷப் பண்டிகையில் எஸ்தர் முதல் வரியைப் பாடினாள். தங்கபாய் பாடவில்லை, வாயை மூடிக்கொண்டு நின்றாள். எஸ்தர் விடாமல் முழுப் பாட்டையும் தனியாகப் பாடி முடித்தாள். அப்பன் சொல்லித்தான் மகள் பாடவில்லை என்று வெளியே தகராறு கிளம்பி, காணிக்கையாக வந்த வாழைக்குலைகளின் ஏலமே நின்றுபோனது. அடுத்த வருஷம் எஸ்தரின் குடும்பம் நாகர்கோவிலுக்குக் குடிபெயர்ந்தது. அன்று தனியாகப் பாடியதைக் கேட்டுத்தான் ஒரு பாட்டு டீச்சர் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ஆக, எஸ்தரின் பாட்டு வாழ்க்கை தொடங்கியதே தங்கபாய் மூடிய வாயிலிருந்துதான். அவள் புத்தகத்திலும் ஒரு அத்தியாயம் உண்டு, எல்லைத் தகராறில் இருமொழிப் பாட்டு செத்துப்போனது பற்றி. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அவள் பேசியது கொஞ்சம்தான். அதில் ஒன்று: “அவ ஏன் பாடல்ல? ஒரு தடவ கேட்டிருக்கலாம்.”

நாகர்கோவிலில் காலை பாசஞ்சர் ரயில் பிடித்தேன், டிக்கெட் முப்பது ரூபாய். பாறசாலைக்கு ஒரு மணி நேரம். பஸ் என்றால் களியக்காவிளை வரை நம் பஸ், அங்கே இறங்கிக் கேரள பஸ். குழித்துறை தாண்டியதும் மழை வலுத்து ஜன்னலை எல்லோரும் இறக்கிவிட்டார்கள், பெட்டிக்குள் ஈரத்துணி நாற்றம். பாறசாலை ஸ்டேஷன் வாசலில் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியும் பால் விடாத கட்டன் சாயாவும் சாப்பிட்டேன், பழம்பொரி முந்தின நாளுடையது.

ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டார். பத்து கிலோமீட்டருக்கு இது பகல் கொள்ளை என்று சண்டை போட வாயெடுத்தேன், அதற்குள் அவர், “யாருக்க வீட்டுக்கு?” என்றார். சொன்னேன்.

“தங்கபாய் டீச்சரா? எனக்குக் கணக்கு படிப்பிச்சது அவியளாக்கும். நல்ல அடியும் தந்திருக்காவ. ஏறுங்க சாரே, எரநூத்தம்பது தந்தா மதி.”

வழியில் எஸ்தரின் சர்ச் எது என்று காட்டச் சொன்னேன். பழையதை இடித்துவிட்டு டைல்ஸ் போட்டு உயரமாகக் கட்டியிருக்கிறார்கள். ஆராதனை இப்போது மலையாளத்தில் மட்டும்தானாம். கதவு பூட்டியிருந்தது. மழையில் இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டு வந்தேன். பார்க்க எதுவும் இல்லை.

தங்கபாய் டீச்சர் வீடு ரப்பர் தோட்டத்து ஓரத்தில். மருமகள் எட்டிப் பார்த்து, “அம்மே, நாகர்கோவிலீந்நு ஒராள் வந்நிட்டுண்டு” என்று உள்ளே குரல் கொடுத்தாள். மெலிந்த, நிமிர்ந்த ஒரு அம்மாள் கம்பை ஊன்றி வந்தார். நான் எஸ்தரின் வீட்டுக்காரன் என்றதும் என்னைத் தாண்டி ஆட்டோவைப் பார்த்தார்.

“எஸ்தர் எங்க? வண்டியில இருக்காளா? மழையில கெடக்காம வரச் சொல்லுங்க அண்ணே.”

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். மருமகள் சாயா கொண்டுவந்து வைத்தாள், யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கேட்க வந்ததைக் கேட்டேன். அன்றைக்கு அப்பா சொல்லித்தான் பாடாமல் நின்றீர்களா?

“அப்பனா?” என்றார். “எனக்க அப்பன் பாடுன்னு சொல்லியாக்கும் புதுப் பாவாடை வாங்கித் தந்தாரு. அது வேற காரியம் அண்ணே. ஆர்மோனியப் பெட்டி வாசிக்கிற ஆள் அண்ணைக்கு வரல்ல. அவரு போராட்டக்காரரு, போலீஸுக்குப் பயந்து ஒளிச்சிருந்தாரு. சுருதி தர ஆளில்ல. எஸ்தர் தானே எடுத்தா. வாசல்ல போலீஸு நிக்குது, அவளுக்க அப்பனும் போராட்டக்காரராக்கும், பயந்துட்டா. எடுத்ததே மேல. எனக்க வரி அதுக்கும் மேல போவணும். எனக்கு எட்டாது. பாடினா கீச்சுன்னு கீறும், அவளுக்க பாட்டும் கெடும். வாயை அடச்சிட்டேன். அடுத்த வரியில அவ எறங்கி வருவான்னு பாத்துக்கிட்டே நிந்நேன். அவ எறங்கல்ல.”

எஸ்தரின் பாடம் ஞாபகம் வந்தது. பயந்து எடுத்தால் சுருதி மேலேதான் போகும். எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை ஆயிரம் தடவை சொன்னாள்! பக்கத்துத் தெருவில் ஒரு மாணவி தப்பாகப் பாடினால் சமையலறையிலிருந்தே கண்டுபிடிப்பவள். தான் பதினொரு வயதில் பயந்து எடுத்த அந்த ஒரு சுருதி மட்டும் அவள் காதில் விழவேயில்லை. எல்லாவற்றையும் எல்லையோடு சேர்த்துப் பார்த்த காலம், இதையும் அப்படியே பார்த்துவிட்டார்கள். அவள் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. கோபப்பட ஆள்தான் இல்லை.

“எனக்குக் கொரல் எட்டாததுனால அவளுக்க மானம் போச்சுன்னாக்கும் அவ எனக்க கூடப் பேசல்லன்னு நெனச்சேன்” என்றார் டீச்சர். “ரேடியோவில அவ பாட்டு வந்தா மொத்தமும் கேப்பேன். அவளுக்குக் கடுதாசி எழுத வெக்கமா இருந்துது.” பிறகு கேட்டார். “பொறவு அவ ஆரு கூடயாவது சேந்து பாடினாளா?”

பொய் சொல்லியிருக்கலாம். “இல்லை” என்றேன்.

அவர் கண்ணை மூடினார். மிகத் தாழ்ந்த குரலில் மலையாளத்தில் ஒரு வரி பாடினார். நிறுத்தினார். விரல் மட்டும் நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு வரி பாடும் நேரம் அப்படியே விட்டுவிட்டு, அடுத்த வரியைப் பாடினார். மறுபடி நிறுத்தினார். எஸ்தரின் இடத்தை விட்டுவிட்டுப் பாடுகிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த இடங்களில் வெளியே மழை பெய்யும் சத்தம்தான். ஐம்பத்தேழு வருஷம் அவளோடு குடித்தனம் நடத்தியும் ஒரு வரி பாடத் தெரியாமல் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

முடித்ததும், “இந்தச் சுருதியில எடுத்திருந்தா எட்டியிருக்கும், கேட்டியளா?” என்றார். நான் தலையாட்டினேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஜூன், ஜூலையில் குடை போதாது, மழைக்கோட்டு வேண்டும். திரும்பி வர ஆட்டோவை நிறுத்திவைத்துக்கொள்ளுங்கள், காத்திருக்க நூறு ரூபாய் கூடக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். மாலை ரயிலை விட்டால் களியக்காவிளைக்குப் போய் பஸ் பிடிக்கலாம். எங்கள் வீட்டிலிருந்து தங்கபாய் டீச்சர் வீடு ஐம்பது கிலோமீட்டர்தான், காலையில் கிளம்பினால் சாயங்காலம் வீட்டில் இருக்கலாம். கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால், அந்தக் கேள்வி யாருடையதோ அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் பதிலைத் தனியாகத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், சொல்ல ஆளில்லை.