எஸ்தர் அக்கா வாங்கிய கயிறு

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்திருந்தேன். முகத்தில் பாதி சோப்பு நுரை. அதனால் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச முடிந்தது. "அங்கிள், எஸ்தர் அத்தை தூக்கத்துலயே போயிட்டாங்க," என்றான் அவருடைய தம்பி மகன் பிராங்க்ளின். கடைக்காரர் கத்தியை மடக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. முகம் சூடாகி, காது வரை ஏறியது. அக்காவைத் தெரிந்தவர்கள் அவருடைய நல்ல குணங்களை இந்த நாட்களில் நிறையவே பேசிவிட்டார்கள். அந்தச் சூடு எதனால் வந்தது என்பதை நான் எழுதுகிறேன்.

எங்கள் நாளிதழின் பெங்களூர்ப் பதிப்பில் அவர் தலைமை உதவி ஆசிரியர், நான் நிருபர். எங்களில் பலருடைய செய்திகள் அவர் கைபட்டுத்தான் அச்சுக்குப் போயின. ஒரு மழைக்காலத்தில் சிவாஜிநகரில் பழைய சுவர் ஒன்று விழுந்தது. ஏன் விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அதை மறைக்க வளைத்து வளைத்து எழுதியிருந்தேன். அக்கா தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "தெரியலைன்னா தெரியலைன்னு எழுது தம்பி. அதுக்கு ஒரு வரி போதும். தெரிஞ்ச மாதிரி எழுதப் போயி எவ்ளோ எடத்த அடைச்சிருக்க பாரு." பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்குப் படகு ஆசை வந்தது. ஊரைவிட்டுப் போகிற ஒருவரிடமிருந்து ஒரு சின்னப் பாய்மரப் படகை நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கினோம். நாலு பேர் நெருக்கி உட்காரலாம், அவ்வளவுதான். மைசூர் பக்கத்து நீர்த்தேக்கம் ஒன்றில், அங்கிருந்த படகோட்டும் கிளப்பின் துறையில் அது நின்றது. கிளப்பில் அந்தச் சின்னப் படகை ஆங்கிலத்தில் ‘யாட்’ என்றார்கள். லிங்கராஜபுரத்தில், அக்காவின் தெருவில், வேறு மாதிரி சொன்னார்கள். "இங்க தண்ணி லாரிக்கு அடிச்சிக்கிறோம். இந்தம்மாவுக்குக் கப்பல் கேக்குதா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். "ஏறி வாங்கண்ணே, வாந்தி எடுக்க வாளி தரேன்," என்றார் அக்கா.

படகைத் துறையில் கட்டிப்போட அதோடு வந்த கயிறுகள் வெயிலில் நைந்திருந்தன. காற்றுக்காலத்துக்கு முன்பே மாற்ற வேண்டும் என்று அக்கா என்னை சிவாஜிநகருக்கு அழைத்துப் போனார். தார்ப்பாயும் கயிறும் விற்கும் கடை. கடைக்கார பாய் மூன்று சுருள்களை எடுத்துப் போட்டார். ஒன்று தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் கயிறு. ஒன்று நைலான், இழுத்தால் நீளும். மூன்றாவது பாலியெஸ்டர், என்ன இழுத்தாலும் நீளாது. படகுக்கு எது நல்லது என்று கேட்டோம். "லாரிக்குக் கட்டத் தெரியும், கல்யாண ஷாமியானாவுக்குக் கட்டத் தெரியும். படகு பத்தி அல்லாவுக்குத்தான் தெரியும்," என்றார் பாய்.

அக்கா நைலானின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து இழுக்கச் சொன்னார். நீண்டது. அவர் தன் முனையைக் கீழே போட்டுவிட்டார். "ச்சீ, இது ரப்பரு. எடுத்து உள்ள வைங்க பாய்."

அவருடைய அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டின் எஞ்சினை ஓட்டியவர். அந்த வீட்டில் பிறந்தவருக்கு நீளும் கயிறு என்றால் ஆகாது. "கயிறு ஒரு சாண் நீண்டா கூண்டு ஒரு சாண் கீழ போயி நிக்கும். உள்ள நிக்கிறவன் கால் என்னாகிறது? கயித்துக்கு ஒரே ஒரு குணம்தான் தம்பி. நீளக் கூடாது."

"கட்டிப்போட்ட படகுல ஆளே இருக்க மாட்டாங்களே மேடம்?" என்றார் பாய்.

"ஆள் இல்லாட்டியும் கயிறு கயிறுதான். அந்தக் கெட்டியானத வெட்டுங்க."

எனக்கும் அது சரியென்றே பட்டது. கிளப்பில் யாரையும் நாங்கள் கேட்கவில்லை.

துறையில் படகுகளைப் பார்த்துக்கொண்டவர் முருகேசன். மேட்டூர்ப் பக்கத்திலிருந்து மீன்பிடிக்க வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். கிளப் கொடுத்த சம்பளத்தில்தான் வீடு நடந்தது. அவர் புதுக் கயிற்றைக் கொஞ்சம் தளர விட்டுக் கட்டினார். அக்கா விடவில்லை. "தொட்டிலா கட்டுற? இறுக்கு முருகேசா, ஆடவே கூடாது." அவரும் "சரிம்மா" என்று இறுக்கினார்.

ஆடிக் காற்றில் ஒரு சனிக்கிழமை எங்கள் படகு பிய்த்துக்கொண்டு போய்க் கிளப் செயலாளரின் படகில் மோதி, அதன் பக்கவாட்டை உடைத்தது. எப்படி என்பதைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். கட்டிய படகு அலைக்கு அலை பின்னால் போய் முன்னால் வரும். கயிறு கொஞ்சம் நீண்டால் அந்த இழுப்பு கயிற்றிலேயே அடங்கிவிடும். எங்கள் கயிறு நீளவில்லை. ஒவ்வோர் இழுப்பும் படகின் முன்முனையில் கயிறு கட்டப் பதித்திருந்த எஃகுக் கொம்பையே உலுக்கியது. கடைசியில் கொம்பு பலகையோடு பெயர்ந்து வந்துவிட்டது. மறுநாள் காலை நாங்கள் போய்த் தண்ணீரிலிருந்து கயிற்றை இழுத்தோம். அதன் நுனியில் கொம்பு இருந்தது. கொம்பில் முருகேசன் போட்ட முடிச்சு குலையாமல் இருந்தது.

அக்கா ஈரப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். "கூண்டையும் படகையும் ஒண்ணுன்னு நெனச்சேனே. தெரியலைன்னு ஒரு வார்த்த யாரையாவது கேட்டிருக்கலாம் இல்ல?" என்றார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

அன்றே கிளப் வராந்தாவில் கமிட்டி கூடியது. வெள்ளை விரிப்புப் போட்ட மேசை, கேக், பீங்கான் கோப்பைகள். முடிச்சு அவிழ்ந்துவிட்டது, ஆள் சரியில்லை, மாற்றிவிடலாம் என்று ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் பேசிக்கொண்டார்கள். முருகேசன் கீழே வேப்பமரத்தடியில் நிறுத்தப்பட்டிருந்தார். அக்கா எழுந்தார். கயிற்றை, நுனியில் தொங்கிய கொம்போடு, சேறு சொட்டச் சொட்ட அந்த வெள்ளை விரிப்பில் வைத்தார்.

"முடிச்சு எங்கங்க அவுந்துது? பாருங்க. தப்பு கயித்துல. கயிறு வாங்குனவ நானு. இறுக்கிக் கட்டச் சொன்னவளும் நானு. அவன ஏன் வெளிய நிக்க வெச்சிருக்கீங்க?"

ஆங்கிலத்தில் தொடங்கியவர் பாதியில் தங்கவயல் தமிழுக்கு வந்துவிட்டார். அப்பாவைச் சொன்னார், கூண்டைச் சொன்னார், குரல் உடைந்தது. யாரோ கேக் தட்டைத் தள்ளி வைத்தார்கள். ஒருவர் மூக்கைச் சொறிவதுபோல் சிரிப்பை மறைத்தார். எனக்கு அந்தச் சேறும் அந்தத் தமிழும் அந்த அழுகையும் தாங்க முடியாத கூச்சமாக இருந்தன. அவர்கள் என்னையும் சேர்த்துப் பார்க்கிறார்களே என்று இருந்தது. மந்திரிகளை நிறுத்திக் கேள்வி கேட்டவன் நான். அக்காவின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "போதும் அக்கா, உக்காருங்க," என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். செயலாளர் "தேங்க்யூ மேடம்" என்று சொல்லி, விரிப்பை மாற்றச் சொன்னார். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று முருகேசனிடம் சொல்லிவிட்டார்கள்.

பெங்களூர் திரும்பும் வழியில், பிடதியில் அக்கா காரை நிறுத்தச் சொன்னார். "தட்டு இட்லி சாப்பிடுறியா?" என்று கேட்டார். சாப்பிட்டோம்.

அடுத்த வாரம் முருகேசன் வீட்டுக்கு என்னையும் அழைத்துப் போனார். முருகேசன் வலையோடு தண்ணீருக்குப் போயிருந்தார். அவர் மனைவி வாசலிலேயே நின்று பேசினார். "படகு உங்களுது, கயிறு உங்களுது, போன வேலை மட்டும் எங்களுதா?" கமிட்டியில் அக்கா எவ்வளவோ பேசினார் என்று நான் விளக்கத் தொடங்கினேன். "நீ சும்மா இரு தம்பி," என்றார் அக்கா. அந்தப் பெண்ணிடம், "நீ சொல்றது சரிம்மா," என்றார். அதற்கு மேல் எதுவும் சேர்க்கவில்லை. அந்தப் பெண் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அதன்பின் நான் அந்தப் பக்கம் போகவில்லை. படகைக் கொட்டகையில் ஏற்றிவிட்டதாக அக்கா போனில் சொன்னார். வேலை இருக்கிறது, முதுகு வலிக்கிறது என்று நானும் ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடக்கத்துக்கு முருகேசனும் மனைவியும் வந்திருந்தார்கள். மாலை போட்டுவிட்டு, சர்ச் மதிலோரம் நின்றிருந்த என்னிடம் வந்தார்கள். அக்கா கமிட்டிக்காரர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்ததை அப்போதுதான் அறிந்தேன். கதவைத் திறக்காதவர் வீட்டுக்குத் திரும்பவும் போயிருக்கிறார். "கார்த்திகையில கூப்ட்டு வேலை குடுத்துட்டாங்க சார்," என்றார் முருகேசன். "சும்மா இல்ல, அம்மா கிட்டத்தட்ட சண்டையே போட்டாங்களாம்," என்றார் மனைவி.

முருகேசன் கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேக்கலாமா சார்? அன்னிக்கு அம்மா பேசுனது பூரா மரத்தடிக்குக் கேட்டுச்சு. இன்னும் கொஞ்சம் பேசியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். நடுவுல யாரோ 'உக்காருங்க'ன்னு அதட்டுனாங்க. யாருன்னு அம்மாகிட்ட எத்தனையோ வாட்டி கேட்டுட்டேன். 'தெரியலப்பா'ன்னுட்டாங்க. ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரிந்தே கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பாடல் முடிந்து, பெட்டியைத் தூக்க ஆள் கூப்பிட்டார்கள்.

"அதட்டினது நான்தான், முருகேசன்," என்றேன்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பெட்டியைத் தூக்கப் போனார். நானும் பின்னால் போனேன். எங்களுக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் ஒருநாளும் எழுத விடாத எஸ்தர் அக்கா, தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று எனக்காகச் சொல்லி வந்திருக்கிறார். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பொய்தான். அதைத் திருப்பிக் கொடுக்க இனி இடமில்லை.